ஒரு படியின் விலை

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் கிடையாது. துணைக்கு ஒருவர் வந்தால் அவருக்கும் கிடையாது. 2021ல் பெண்களுக்கு இலவசப் பயணம் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில் இந்தச் சலுகையும் சேர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பேருந்துகளில் பெரும்பாலானவற்றின் வாசலில் செங்குத்தான படிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவர் காசில்லாமல் ஏறலாம் என்கிறது அரசாணை. ஏறவே முடியாது என்கிறது பேருந்து. அவர் ஆட்டோவைக் கூப்பிடுகிறார். 2013ல் அரசு நிர்ணயித்த கட்டணத்தின்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அந்தக் கட்டணத்துக்குச் சென்னையில் எந்த ஆட்டோவும் வருவதில்லை என்பது ஊருக்கே தெரியும். நாற்காலியை மடக்கிப் பின்னால் செருக வேண்டும் என்றால் பேரம் இன்னொரு முறை தொடங்கும்.

சக்கர நாற்காலி பயன்படுத்துவோரின் பணக் கஷ்டத்தையும் நடமாட்டக் கஷ்டத்தையும் நாம் இரண்டு தனித்தனி விஷயங்களாகப் பார்த்துப் பழகிவிட்டோம். முன்னதற்கு உதவித்தொகை, பின்னதற்குச் சாய்தளம். ஒன்று வருவாய்த் துறை, மற்றது பொதுப்பணித் துறை. உண்மையில் இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். ஊர் கட்டாமல் விட்ட சாய்தளத்தின் செலவை ஒரு குடும்பம் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு படியும் ரசீது கொடுக்காமல் வசூலிக்கப்படும் வரி.

இதைப் பொருளாதாரம் கவனிக்காமல் இல்லை. அமர்த்தியா சென் 2009ல் வெளிவந்த தன் நீதி பற்றிய நூலில் உடற்குறை உள்ளவர்களின் வறுமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். வேலை கிடைக்காமல் வருமானம் குறைவது ஒன்று. கையில் இருக்கும் வருமானத்தை வாழ்க்கையாக மாற்ற மற்றவர்களைவிட அதிகம் செலவழிக்க வேண்டியிருப்பது இன்னொன்று. அவர் எடுத்துக்காட்டியது இளம் வயதில் இறந்துபோன கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வீப்கே குக்லிஸ் பிரிட்டனைப் பற்றிச் செய்த கணக்கு. அங்கே மொத்த மக்களில் 17.9 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த குடும்பங்களில் வாழ்ந்தார்கள். உடற்குறை உள்ள ஒருவர் இருக்கும் குடும்பங்களில் அது 23.1 சதவீதம். அந்தக் கூடுதல் செலவையும் கணக்கில் சேர்த்ததும் 47.4 சதவீதமாக ஏறியது. வருமானத்தை மட்டும் அளக்கும் எந்த அரசுக்கும் இவர்களின் வறுமையில் பாதி கண்ணில் படாது. இத்தனைக்கும் பிரிட்டன் நம்மைவிட நல்ல நடைபாதையும் பொது மருத்துவமும் உள்ள நாடு.

நம் கணக்கை நாற்காலியிலிருந்தே தொடங்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்களில் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் 2.87 லட்சம் பேர். எல்லோருக்கும் சக்கர நாற்காலி தேவைப்படாது. தேவைப்படுபவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது மருத்துவமனை வராந்தாவில் நாம் பார்க்கும் அதே வகைதான்: மடக்கும் இரும்புச் சட்டம், தொட்டிலாகத் தொய்யும் ரெக்சின் இருக்கை, எல்லா உடம்புக்கும் ஒரே அளவு. நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குப் பிறர் தள்ளிப்போவதற்காக வடிவமைக்கப்பட்டது அது. ஒருவர் காலை முதல் இரவு வரை அதிலேயே உட்கார்ந்து, தானே உருட்டி, கடைக்கும் வேலைக்கும் போவதற்கானது அல்ல. இடுப்பைவிட இருக்கை அகலமானால் உடம்பு ஒரு பக்கம் சாயும். நாளடைவில் முதுகெலும்பு வளையும். கால்மிதி உயரம் தவறினால் எடை முழுவதும் புட்டத்து எலும்பில் இறங்கும். உணர்ச்சி இல்லாத உடம்பில் அது படுக்கைப்புண்ணாகத் திறக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008லேயே இதற்கு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டுவிட்டது. ஆளை அளந்து, அவர் வீட்டையும் தெருவையும் கேட்டறிந்து, நாற்காலியைப் பொருத்தி, பயிற்சி கொடுத்து, பிறகு பழுதும் பார்த்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். உலகில் சுமார் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவை. நாட்டைப் பொறுத்து அவர்களில் 5 முதல் 35 சதவீதம் பேருக்கே அது கிடைக்கிறது என்பது அந்நிறுவனத்தின் பிந்தைய மதிப்பீடு. நம் ஊர் வழக்கம் முகாம். பந்தல், வரிசை, அமைச்சர், புகைப்படம், நாற்காலி. முகாமில் கொடுக்கப்படும் நாற்காலியின் முன்சக்கரம் ஆறு மாதத்தில் உடைந்தால் மாற்றுச் சக்கரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்கு அந்தப் பந்தல் இருக்காது. சைக்கிள் கடைக்காரரின் கைவண்ணத்தில் ஓடும் நாற்காலிகள் இந்த மாநிலத்தில் ஏராளம்.

நல்ல நாற்காலி இங்கே இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் எழுந்து நிற்க வைக்கும் நாற்காலியை 2019ல் கொண்டுவந்தது. அதிலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம், ஒவ்வொருவரின் உடலளவுக்கும் ஏற்ப அமைத்துத் தரும் நியோஃப்ளை நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டிச் சாலையில் ஓட்டக்கூடிய நியோபோல்ட் என்ற மின்மோட்டார் இணைப்பையும் விற்கிறது. அறிமுக விலை முறையே 39,900 ரூபாயும் 55,000 ரூபாயும். இறக்குமதி நாற்காலிகளோடு ஒப்பிட்டால் இது மலிவு. மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் வீட்டுக்கு இரண்டையும் சேர்த்தால் ஒன்பதரை மாத வருமானம்.

இதன்மேல் வரி வேறு. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கு 5 சதவீதம் விதிக்கப்பட்டது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியும், அதனால் விலை ஏறாது என்று அரசு விளக்கம் சொன்னது. வணிகக் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நடப்பதற்கு எவரும் வரி கட்டுவதில்லை என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் எழுப்பிய ஆட்சேபத்துக்கு அது பதிலாகவில்லை. ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டமோ வருமான உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாதம் 22,500 ரூபாய் வரை இருந்தால் முழுச் செலவு, 30,000 வரை என்றால் பாதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சென் காட்டிய கூடுதல் செலவு எதுவும் இந்த வரம்பைப் போட்டவர்களின் கணக்கில் இல்லை. 31,000 ரூபாய் சம்பாதிக்கும் சக்கர நாற்காலிக்காரரும் 31,000 ரூபாய் சம்பாதிக்கும் நடப்பவரும் அதன் கண்ணுக்கு ஒரே அளவு வசதியானவர்கள். வருமான வரியிலும் இதே கதை. கடுமையான ஊனத்துக்கு 1,25,000 ரூபாய் தந்துவந்த 80யு கழிவு, இப்போது இயல்பாகப் பொருந்தும் புதிய வரி முறையில் கிடையாது.

நாற்காலிக்கு அடுத்து உடம்பு. இதைப் பற்றிப் பேச நம் பத்திரிகைகளுக்குக் கூச்சம் அதிகம். அதனாலேயே எந்தத் திட்ட அறிக்கையிலும் இது வருவதில்லை. தென்னை, பனை மரத்திலிருந்து விழுந்தவர்கள், சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளர்கள், பைக் விபத்தில் சிக்கிய இளைஞர்கள் என்று தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் விழுந்தவர்கள். கால் அசையாததுதான் வெளியே தெரிகிறது. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாததுதான் அன்றாடத்தைத் தின்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய குழாயைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துவது இங்கே சாதாரணம். கையுறை, பெரியவர்களுக்கான டயப்பர், மூத்திரப் பை, புண் கட்டும் துணி, கிருமித் தொற்று வந்தால் ஆன்டிபயாடிக். இவற்றில் ஒன்றைக்கூட ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. பணம் போதாதபோது முதலில் குறைவது குழாய். பிறகு மருத்துவச் செலவு ஏறுகிறது.

வெளியே போகும் நாளில் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்காது என்பது அனுபவம் சொல்லும் பாடம். பெண்களுக்கு இது இன்னும் கொடியது. தண்ணீர் குறைந்தால் தொற்று வரும், கல் வரும், சிறுநீரகம் பழுதாகும். ஒரு பொதுக் கழிப்பறையின் கதவு அரை அடி குறுகலானால் அதன் செலவு மூன்று மாதம் கழித்து ஒரு மருத்துவமனை ரசீதில் வந்து நிற்கும். படுக்கைப்புண் அதைவிட மோசம். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், உலகின் மிகச் சிறந்த மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், 2004ல் படுக்கைப்புண் தொற்றுக்குச் சிகிச்சையில் இருந்தபோதுதான் இறந்தார். புண் வராமல் காக்கும் காற்றுமெத்தை இருக்கைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். நம் முகாம்களில் நாற்காலி கொடுப்பார்கள். மெத்தையைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் மறுவாழ்வு மையம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட நியாயம் உண்டு. 1954ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966ல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். 1975ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், 1981ல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதே பாதிப்போடு வாழும் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன் திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பை நடத்துகிறார். மூவருமே பாதிக்கப்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். தங்களுக்கு நேர்ந்ததை வைத்து அவர்கள் கட்டியதை, மாவட்டந்தோறும் அரசு கட்டியிருக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த வீடு?

சென்னையில் நெடுங்காலம் சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவந்தார்கள். சாலை உயர்ந்தது, மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. எனவே புதிதாகக் கட்டுபவர் தரைமட்டத்தை இரண்டு, மூன்று அடி உயர்த்துகிறார். வாசலில் படிகள் முளைக்கின்றன. சாய்தளத்துக்கான தரநிலை ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டடி உயர வாசலுக்கு 24 அடிச் சாய்தளம் வேண்டும். அரை கிரவுண்டு மனையில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே அத்தனை இடம் எவருக்கு இருக்கிறது? அதனால் ஆறடியில் சறுக்குமரத்தைப்போல ஒன்றைப் போட்டுவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். அதில் தனியாக ஏறவும் முடியாது, இறங்கினால் பல்லும் மிஞ்சாது. அரசு அலுவலகங்கள் பலவற்றில் இருப்பதும் இதே ரகம்தான். ஆய்வு அறிக்கையில் மட்டும் ‘உள்ளது’ என்று டிக் அடிக்கப்பட்டிருக்கும்.

வாடகை வீடு என்றால் நிலைமை வேறு. தரைத்தளம் வேண்டும், சந்துக்குள் இருக்கக் கூடாது, குளியலறைக் கதவு நாற்காலி அகலத்துக்காவது இருக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லா அறைக்கும் மூன்றடிக் கதவு வைப்பவர்கள் கழிப்பறைக்கு மட்டும் இரண்டரையோ இரண்டோ வைப்பார்கள். சாதாரண நாற்காலியின் அகலமே இரண்டடிக்குச் சற்று மேல். இந்த நிபந்தனைகள் எல்லாம் பொருந்தும் வீடு கிடைத்தால் வாடகை கூடும். வீட்டுக்காரர் வாசலை உடைத்துச் சாய்தளம் போடச் சம்மதிக்க வேண்டும். காலி செய்யும்போது பழையபடி படியைக் கட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதிப்பவர்களும் உண்டு.

மிகப் பெரிய செலவு பணமாகக் கண்ணில் படாதது. அம்மா, மனைவி, சில வீடுகளில் மகள். தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட ஆள் வேண்டும். பெருநகரத்தில் ஏஜென்சி மூலம் உதவியாளர் வைத்தால் அது ஒரு முழுச் சம்பளம். எனவே வீட்டுப் பெண் வேலையை விடுகிறார். ஒருவருக்கு அடிபட்ட வீட்டில் இரண்டு வருமானம் நிற்பது இப்படித்தான். அவர் வேலையை விட்டதற்குப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டதால் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. இந்த உழைப்பில் ஒரு பகுதி படிகளால் வருவது. நாற்காலி தானாக நுழையக்கூடிய பேருந்தும் வங்கியும் கழிப்பறையும் இருந்தால், துணைக்கு ஆள் வேண்டிய நேரம் குறையும்.

இந்தச் செலவுகளுக்கு எதிரே அரசு என்ன வைக்கிறது? தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் ஆயிரத்திலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000. அந்த 1,500ஐ நாளுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2013ஆம் ஆண்டின் அரசுக் கட்டணத்தில் ஒருமுறை ஆட்டோவில் போய்வரச் சரியாகப் போகும். குழாய்க்கு மிச்சமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. அதே 2023ல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதன்மேல் 25 சதவீதம் சேர்த்தால் 1,500. பைசா பிசகாமல் சட்டம் நிறைவேறியிருக்கிறது! ஒன்றிய அரசின் பங்கு இதைவிட வேடிக்கை. 80 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்ற ஏழைகளுக்கு மாதம் 300 ரூபாய் என்று 2012ல் நிர்ணயித்ததோடு அது நின்றுவிட்டது.

பக்கத்து மாநிலம் 2024 ஜூலையில் வேறு பாதை எடுத்தது. ஆந்திரம் பொதுவான மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாக்கியது. பக்கவாதம், தசைச்சிதைவு போன்றவற்றால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவர்களுக்கு 15,000. அங்கே பயனாளிப் பட்டியல் பற்றிய சச்சரவுகள் உண்டு. ஆனாலும் ஓர் அடிப்படையை அது ஒப்புக்கொண்டது: எல்லா ஊனத்துக்கும் செலவு ஒன்றல்ல, சக்கர நாற்காலி வாழ்க்கைக்குச் செலவு மிக அதிகம். தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி சங்கங்கள் ஆந்திரத்தைச் சுட்டிக்காட்டிப் போராடுவது பேராசையால் அல்ல.

தொகையை மட்டும் உயர்த்தினால் போதுமா என்றால், போதாது. படிகள் இருக்கும்வரை உயர்த்திய தொகை ஆட்டோவுக்கும் ஆளுக்கும் போய்க்கொண்டே இருக்கும். வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. முதியவர்களோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் அது பயன்படுகிறது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ரேஷன் கடையின் படியை இடிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அரசு தன்னை விடுவித்துக்கொள்ள அது சாக்காகிவிடக் கூடாது. அரிசி வீட்டுக்கு வந்துவிடும். வேலை, நீதிமன்றம், கல்யாணம், தேநீர்க்கடைப் பேச்சு எதுவும் வீட்டுக்கு வராது. 2023 அக்டோபரில் மும்பையில் விராலி மோடி என்ற சக்கர நாற்காலிப் பயனர், தன் திருமணத்தைப் பதிவு செய்ய லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். கையெழுத்து வாங்க அதிகாரிகள் கீழே இறங்கி வரவில்லை. மகாராஷ்டிரத் துணை முதல்வர் பிறகு வருத்தம் தெரிவித்தார்.

2016ஆம் ஆண்டின் அந்த உரிமைச் சட்டம் காகிதத்தில் பலமாகத்தான் இருக்கிறது. அணுகல் தரநிலைகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியும் நிறைவுச் சான்றிதழும் தரக் கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஐந்து ஆண்டு 2022 ஜூனில் முடிந்தது. மீறினால் என்ன? முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். ஒரு லிஃப்டின் விலையோடு ஒப்பிட்டால், சட்டத்தை மீறுவதுதான் சிக்கனம்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் வேரைத் தொட்டது. விதி 15ல் சொல்லப்பட்ட தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாகவே இருக்கின்றன. கட்டாயமாக்கச் சொல்லும் தாய்ச்சட்டத்துக்கு அது முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. ஏழு ஆண்டாக அதிகாரிகள் சாவகாசமாக இருந்ததன் ரகசியம் அந்த முரண்தான். கெடு 2025 பிப்ரவரியில் முடிந்தது. அதற்குள் விதி வரவில்லை.

சென்னைப் பேருந்துகளின் கதையும் நீதிமன்றத்தில்தான் நகர்ந்தது. தாழ்தளப் பேருந்து விலை அதிகம், நம் சாலைகளுக்கு ஒத்துவராது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் வழக்கை விடாமல் நடத்தினார். 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025ல் மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் சேர்ந்தன. ஒரு பக்கமாகத் தாழ்ந்து, பலகை விரித்து, நாற்காலியை உள்ளே வாங்கும் பேருந்தின் விலையை வாதிட்டவர்கள், அது இல்லாத ஆண்டுகளில் ஆட்டோவுக்குப் போன தொகையை ஒருநாளும் மறுபக்கம் எழுதிப் பார்க்கவில்லை. பேருந்து வந்துவிட்டது, நிறுத்தம்வரை போகும் நடைபாதை வரவில்லை. பைக்குகள் ஏறாமலிருக்க நடைபாதை முனையில் நட்ட கம்பங்கள் நாற்காலியையும் நிறுத்திவிடுகின்றன.

2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 1.14 கோடி ரூபாய் செலவு. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப்போட்டது. ஒரு கோடியைக் கடலில் கொட்டியதாகக் கிண்டல்கள் பறந்தன. பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள். அந்த மரப்பாதை வரும்வரை, மெரினாவுக்குப் பல கிலோமீட்டருக்குள் வாழ்ந்தும் அலை காலில் படாமலே முதுமை அடைந்தவர்கள் இந்த நகரத்தில் இருந்தார்கள். கிண்டல் செய்தவர்களின் கணக்கில் அது செலவாக ஏறவில்லை.

2025ல் தமிழ்நாடு தன் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தது. நகர்ப்புறத்தில் சுமார் 650 இடங்கள், கிராம ஊராட்சிகளில் 12,913. கட்டட அனுமதியும் நடைபாதையும் பொதுக் கழிப்பறையும் உள்ளாட்சியின் கையில் இருப்பவை. எனவே அந்த உறுப்பினர்கள் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வியை எழுத்துப்பூர்வமாக வைக்க வேண்டும்: 2017க்குப் பிறகு இந்த ஊரில் தரமான சாய்தளமும் நாற்காலி நுழையும் கழிப்பறையும் இல்லாத எத்தனை பொதுக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் கொடுத்தீர்கள், கையெழுத்துப் போட்டவர் யார்? பதிலும் எழுத்தில் வர வேண்டும். நியமன உறுப்பினர் இல்லாத ஊரில் அந்தக் கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.